எல்லோருக்கும் 9.8

உயர்தர மாணவர்கள் சிலரின் பௌதிகவியல் செய்முறைக் கொப்பிகளைப் புரட்டும் வாய்ப்பு அண்மையில் கிட்டியது. எளிய ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு ஆர்முடுகலைக் காணும் பரிசோதனை. எல்லோருக்கும் விடை 9.8! கலைப் பட்டதாரியான எனக்கே ஐயம் எழுந்தது. ஒரு மீற்றர் நீள ஊசல் 20 அலைவுகளுக்கு ஏறத்தாழ 40.1 செக்கன் எடுக்கும். கடிகாரத்தை அழுத்தும் விரல் சற்று முந்தி 39.8 எனக் காட்டினாலே விடை 9.97 ஆகிவிடும். அப்படியொரு விடையை எவருமே பெறவில்லையா? பெற்றிருப்பர், அழித்திருப்பர்.

நோக்கம், உபகரணம், செய்முறை என்பவற்றைப் பிறகு ஆறுதலாக எழுதலாம். அவதான அட்டவணையை மட்டும் கண்ட கணத்திலேயே பேனாவால் எழுதவேண்டும். தவறிய வாசிப்பை அழிக்காது ஒரு கோட்டால் வெட்டி, காரணத்தை அருகில் குறிக்கவேண்டும். (நிருபரின் குறிப்பேட்டுக்கும் இதுவே விதி.)

வளியிலிருந்து றேலி பிரபு பெற்ற நைதரசன், அமோனியாவிலிருந்து பெற்றதைவிடச் சற்றே அடர்த்தியாக இருந்தது. அவர் எண்களைத் திருத்தவில்லை. 1892 இல் அம்முரண்பாட்டை அப்படியே 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்டு, விளக்கம் கேட்டார். வளியின் நைதரசனோடு ஆகன் என்னும் அறியப்படாத வாயு கலந்திருந்தமையே காரணம் என்பதை, வில்லியம் றாம்சேயும் அவரும் 1894 இல் அறிவித்தனர்.