சரக்கொன்றையின் நிழல்

சாலையோரத்து நிழல் மரங்களில் சரக்கொன்றையையும் சேர்ப்பவர்களைப் பார்த்து, நிழல் எப்போது அத்தியாவசியமோ அந்தப் பங்குனி சித்திரையில் இலையை உதிர்த்து நிற்பது என்ன நிழல் மரம் என்று கேட்பவர்கள் உண்டு. அக்கேள்வியில் நியாயம் இல்லையென்று சொல்லமாட்டேன். வெயிலுக்கு ஒதுங்குகிறவன் புங்கமரத்தடியை நாடுவதே உத்தமம். ஆயினும், மாசியில் வறண்டு பரிதாபமாக நின்ற அம்மரம், ஒரு துளி மழையையும் எதிர்பாராமல், கோடையின் உக்கிரத்திலேயே கிளைதோறும் சாணும் முழமுமாகப் பொற்சரங்களைத் தொங்கவிடும் சௌந்தரியத்தைக் கண்டவர்கள், நிழலைப் பற்றிய வழக்கை ஆனி மாதம் வரையில் ஒத்திவைத்துவிடுகிறார்கள். மலையாள தேசத்தில் விஷுக்கணி இந்தப் புஷ்பமின்றிப் பூர்த்தியாவதில்லை.

சங்கப் புலவர்களோ இதைக் கார்காலத்துக்கு உரியதாக்கினார்கள். குறுந்தொகையில் ஒரு தோழி, காலமல்லாத காலத்து மழையைக் காரென்று நம்பிப் பூத்துவிட்டதாகக் கொன்றையை ஏசி, தலைவனைக் காணாது வருந்தும் தலைவியைத் தேற்றுகிறாள். கோடையில் பூத்துக் குலுங்கிய பிறகு, மழை கண்டு மறுபடியும் சில கொத்துகளைக் காட்டும் தெருக்கொன்றையைப் பார்க்கும்போது, அவள் பழி சுமத்தியது சாமர்த்தியமான பொய்யென்றாலும் அதற்கு மரமே கொஞ்சம் இடம் கொடுத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இப்பூவில் தேன் கிடையாது. கருவண்டு மகரந்தத்துக்காகவே வந்து, கேசரங்களைப் பற்றிக்கொண்டு உடலை அதிர்த்து ரீங்கரிக்க, அந்த அதிர்ச்சியில் பொடி உதிர்கிறது. சிவபெருமானின் கொன்றை மாலையில் வண்டு முரலுவதாகப் பாடிய பக்தர்கள் கண்ணால் கண்டதைத்தான் பாடினார்கள்.

தெருவுக்கு இம்மரத்தைச் சிபாரிசு செய்ய இன்னொரு லௌகிக காரணமும் உண்டு: ஆடுமாடுகள் இதன் தழையில் பெரும்பாலும் வாய்வைப்பதில்லை, வேர்பிடித்த பின் வறட்சிக்கும் அஞ்சாது. விதை மட்டும் பிடிவாதமானது. ஒன்றிரண்டு அடி நீளம் தொங்கும் கரிய காய்க்குள், மலமிளக்கியாக வைத்தியர்கள் உபயோகிக்கும் பிசுபிசுத்த சதையோடு அறை அறையாக அடைபட்டிருக்கும் அவ்விதைகளின் தோல் மிகவும் கடினம். காட்டில் குரங்கும் நரியும் அச்சதைக்கு ஆசைப்பட்டுக் காயைத் தின்று விதையைத் தூரத்தே பரப்புகின்றன. நரிக்குப் போக்கிடமில்லாத நகரத்தில், உப்புத்தாளில் விதையைச் சற்றுத் தேய்த்து ஓரிரவு நீரில் ஊறவைத்து நட்டால் போதும்.