சரிவுகளுக்குப் பெயர் வைத்த ஊர்

அத்தான் எந்த ஊருக்குக் கிளம்பினாலும் முதலில் எக்செலில்தான் போய் இறங்குவார். டோக்கியோவுக்கும் அப்படித்தான். முதல் கட்டத்தில் இடத்தின் பெயர், அடுத்ததில் கட்டணம், அதற்கடுத்து எத்தனை மணி நேரம், கடைசியில் நட்சத்திரம். சென்சோஜி கோயில், மெய்ஜி ஆலயம், டோக்கியோ டவர், ஸ்கைட்ரீ, ஷிபுயா, அகிஹபாரா, டிஸ்னிலேண்ட், ஃபூஜி மலை. கடைசி வரிசையில் 'கியோட்டோ, காலை போய் இரவு திரும்பல்'. இத்தனையும் ஒரு நீண்ட வார இறுதிக்குள். "பார்த்துச் சரிபண்ணிக் குடு மாப்ளே, நீ அங்கே இருந்தவன்தானே" என்று ஒரு வரி வேறு. அலுவலக வேலையாகக் கொஞ்ச காலம் அந்த ஊரில் இருந்ததற்கு உறவுக்காரர்களுக்கு நான் கட்டிவரும் வரி இது.

சில வரிசைகளை அடிப்பது சுலபம். பெயரில் டோக்கியோ இருந்தாலும் 1983இல் திறந்த டிஸ்னிலேண்ட் டோக்கியோவில் இல்லை, பக்கத்துச் சிபா மாநிலத்தில் இருக்கிறது. போனால் ஒரு முழு நாள் காலி. கியோட்டோவுக்கு நொஸோமி ரயிலில் இரண்டேகால் மணி நேரம்தான் என்பது உண்மை. ஆனால் ஒரு வழிக்கு ஒருவருக்கே ஏறக்குறைய 14,000 யென் ஆகும். ரயில் பாஸ் வாங்கிவிட்டால் ஆச்சே என்றார் அத்தான். ஏழு நாள் பாஸ் 29,650 யென்னாக இருந்த காலத்தில் சொன்ன யோசனையை யாரோ அவருக்கு இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2023 அக்டோபரில் அது 50,000 ஆகிவிட்டது. டோக்கியோவுக்குள்ளேயே சுற்றுகிறவருக்குச் சூயிகா அட்டையில் பணம் போட்டுத் தட்டிக்கொண்டு போவதே லாபம்.

சிக்கல் அக்காவிடமிருந்து வந்தது. "எனக்கு இந்த டவரெல்லாம் வேண்டாம் தம்பி. நல்ல பழைய கோயிலா நாலு காட்டு, போதும். ஆனா முட்டி வலி, படி ஏற முடியாது."

பழைய கோயில். அத்தானின் பட்டியலில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய சென்சோஜி, 628இல் சுமிதா ஆற்றில் இரண்டு மீனவச் சகோதரர்கள் வலையில் கிடைத்த கன்னோன் சிலைக்காக எழுந்தது என்பது ஐதீகம். இன்று நாம் கும்பிடும் பிரதான மண்டபம் 1958இல் கான்கிரீட்டில் கட்டியது. அதன் முன்னே பெரிய சிவப்பு விளக்கு தொங்கும் வாசல் 1960இல் வந்தது, பானசோனிக் நிறுவனர் மத்சுஷிதா கொடுத்த பணத்தில். மெய்ஜி ஆலயம் 1920இல் அமைந்தது. இப்போதுள்ள கட்டடம் 1958. டோக்கியோ டவரும் 1958. ஆக அத்தானின் பட்டியலில் கோயிலும் இரும்புக் கோபுரமும் ஒரே வயதுக்காரர்கள். அதில் ஏமாற ஒன்றுமில்லை. 1923 செப்டம்பர் 1 நண்பகலுக்குச் சற்று முன் நிலநடுக்கம். பகல் சமையலுக்கு மூட்டிய அடுப்புகளிலிருந்து கிளம்பிய தீயோடு சேர்ந்து சுற்றுவட்டாரத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் போனார்கள். அடுத்த இருபத்திரண்டு வருடத்துக்குள், 1945 மார்ச் 10 இரவில், அமெரிக்க விமானங்கள் கீழ்நகரத்தை எரித்தன. அந்த ஒரே இரவில் மறுபடியும் ஏறத்தாழ ஒரு லட்சம் உயிர். மரத்தால் கட்டிய ஊரில் அதற்குப் பிறகு பழையது எப்படி மிஞ்சும்?

கட்டடம் மிஞ்சவில்லை, தரை மிஞ்சியது. டோக்கியோவைத் திட்டமிட உட்காருகிறவர்கள் பார்க்கத் தவறுவது இதைத்தான். 1590இல் தொக்குகாவா இயயாசு எடோவுக்கு வந்தபின் வளர்ந்த ஊரில் மேட்டு நிலமெல்லாம் பிரபுக்களுக்கும் சாமுராய்களுக்கும் போனது. ஆற்றோரத்துப் பள்ளம் வணிகர்களுக்கும் கைவினைஞர்களுக்கும். பிரபுக்கள் போனார்கள், அவர்களுடைய வளவுகள் இருக்கின்றன. மாஏதா குடும்பத்தின் மாளிகை வளவில்தான் டோக்கியோ பல்கலைக்கழகம் இருக்கிறது. 1827இல் அந்தக் குடும்பத்துக்கு வந்த மருமகளுக்காக எழுப்பிய செந்நிற வாசல் இன்னும் நிற்கிறது. நைத்தோ குடும்பத்தின் நிலம் ஷின்ஜுகு பூங்கா ஆனது. எடோ கோட்டையின் உச்சிக் கோபுரம் 1657 பெருந்தீயில் எரிந்தது, திரும்பக் கட்டவே இல்லை. அடித்தளக் கற்கள் மட்டும் அரண்மனைக் கிழக்குத் தோட்டத்து மேட்டில் மொட்டையாக உட்கார்ந்திருக்கின்றன. பள்ளத்தில் இன்றும் கடைவீதி, சின்னக் கோயில், பட்டறை.

இன்னொரு விஷயம். டோக்கியோவில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது. முகவரி என்பது பேட்டை, அதற்குள் பகுதி எண், அதற்குள் மனைத் தொகுதி எண், பிறகு வீட்டு எண். எண்ணை வைத்துக்கொண்டு ஒரு தபால்காரர்கூடத் திணறலாம். ஆனால் சரிவுகளுக்கு மட்டும் பெயர் உண்டு. நூற்றுக்கணக்கான சரிவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். பல இடங்களில் ஓரத்தில் கம்பம் நட்டு அந்தப் பெயரும் கதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். தெருவை மறந்துவிட்டு ஏற்ற இறக்கத்தை நினைவு வைத்த ஊர். அக்காவின் முட்டியும் அதைத்தான் நினைவு வைக்கப்போகிறது. அதனால் எக்செலில் ஒரு புதுக் கட்டம் சேர்த்தேன்: மேடா, பள்ளமா. விதி ஒன்றுதான். மேட்டுக்கு ரயிலில் போ, பள்ளத்துக்கு நடந்து இறங்கு.

தங்குவதற்கு உயேனோ. நாரித்தா விமான நிலையத்து ஸ்கைலைனர் ரயில் அங்கேதான் வந்து முடிகிறது. பெட்டியோடு ரயில் மாற வேண்டாம். நாளைக்கு 30 லட்சம் பேருக்கு மேல் புழங்கிய, 200க்கு மேல் வாசல் உள்ள ஷின்ஜுகு நிலையத்தில் பெட்டியை இழுத்துக்கொண்டு வழி தேடுவது எந்த எதிரிக்கும் வேண்டாம். நிலையங்களில் லிஃப்ட் இருக்கும், ஆனால் பல இடங்களில் எல்லா வாசலிலும் இருக்காது. எந்த வாசல் என்பதை இங்கேயே குறித்துக்கொள்வது நல்லது.

நான் மிகவும் ஆசைப்பட்டுப் போட்டது யானகா நடை. உயேனோவிலிருந்து யாமனோத்தே வட்ட ரயிலில் இரண்டாவது நிலையம் நிப்போரி. மேற்கு வாசலில் வெளியே வந்தால் நீங்கள் ஏற்கெனவே மேட்டில் நிற்கிறீர்கள். ஏறும் வேலையை ரயில் பார்த்துவிட்டது. முதலில் யானகா மயானம். சுற்றுலாவில் முதல் இடம் சுடுகாடா என்று அத்தான் கேட்டார். கடைசி ஷோகுன் யோஷினோபு அங்கேதான் அடக்கம் என்றதும் நட்சத்திரம் போட்டார். செர்ரி மர வரிசைக்கு நடுவே ஒரு ஐந்தடுக்குக் கோபுரத்தின் அடிக்கற்கள் மட்டும் கிடக்கும். நிலநடுக்கத்துக்கும் குண்டுக்கும் தப்பிய அந்தக் கோபுரத்தை 1957இல் யாரோ தீ வைத்து எரித்தார்கள். 1657 தீக்குப் பிறகு நகரத்துக்குள்ளிருந்து பல கோயில்களை இந்த மேட்டுக்கு மாற்றியதால் திரும்பின பக்கமெல்லாம் கோயில். வாசலில் டிக்கெட் இல்லை, வரிசை இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார்.

அங்கிருந்து ஒரு படிக்கட்டு யானகா கடைவீதிக்கு இறங்குகிறது. இறங்கும் படி, கைப்பிடி உண்டு. அக்காவிடம் இதற்கு மட்டும் அனுமதி வாங்கிவிட்டேன். கடைவீதியைத் தாண்டிப் பள்ளத்தோடு போனால் நெஸு ஆலயம். 1706இல் கட்டிய மர மண்டபங்கள் அப்படியே இருக்கின்றன. அக்கா கேட்ட நிஜமான பழசு இதுதான்; பட்டியலில் இதற்கு ஒரு வரிசைகூட இல்லாமல் இருந்தது. நெஸுவிலிருந்து சமதரையிலேயே ஷினோபஸு குளம். ஜூலை, ஆகஸ்டில் குளம் முழுக்கத் தாமரை. இவர்கள் போகும் நவம்பர் கடைசியில் காய்ந்த தண்டுகள்தான் மிச்சம். குளத்தின் நடுத்திட்டில் பென்ஸைத்தென் கோயில். கையில் வீணைபோல் ஒரு வாத்தியத்தோடு நீர்நிலைகளின் அருகே குடியிருக்கும் இந்தத் தெய்வம் நம் சரஸ்வதியேதான், பௌத்தத்தோடு சீனா வழியாகப் போனவள். இந்தக் கட்டடமும் 1958 என்பதை அக்காவிடம் சொல்லவில்லை.

அடுத்த சண்டை சூரியனோடு. டோக்கியோவில் நவம்பர் கடைசியில் சூரியன் நாலரை மணிக்கு மறைந்துவிடும். அத்தானின் தாளில் மாலை ஐந்து மணிக்கு ஒரு தோட்டம், ஐந்தரைக்கு மெய்ஜி ஆலயம். தோட்டங்கள் அதற்குள் பூட்டிவிடும். மெய்ஜி ஆலயம் சூரியனோடு திறந்து சூரியனோடு அடைக்கிற இடம். அப்படியானால் காலையில் சீக்கிரம் கிளம்பலாமே என்றால், நம்மைவிட அங்கே மூன்றரை மணி நேரம் முந்தி. அங்கே காலை ஆறரை என்றால் உடம்புக்கு விடியற்காலை மூன்று. ஆக நாளின் இரண்டு முனையிலும் நறுக்கு விழுகிறது. முதல் நாள் காலையைக் காலியாக விட்டுவிட்டு, இருட்டினபின் பார்க்க வேண்டியவற்றை மாலைக்குத் தள்ளுவதுதான் வழி. சென்சோஜிக்கு அது பொருந்துகிறது: வளாகத்துக்குப் பூட்டு கிடையாது, இரவில் விளக்குப் போட்டிருப்பார்கள், கூட்டம் கலைந்திருக்கும். மண்டபத்தின் கதவு சாத்தியிருக்கும், வெளியே நின்று கும்பிட்டுக்கொள்ளலாம்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் எழுதவில்லை. அக்கா சைவம்; அங்கே காய்கறி மட்டும் மிதக்கிற சாற்றிலும் பெரும்பாலும் உலர்ந்த மீன் செதிலின் ரசம் இருக்கும். 'மீன் இல்லை' என்று கடைக்காரர் சொல்வது மீன் துண்டு இல்லை என்பதைத்தான். உப்பிட்ட உமெபோஷிப் பழம் வைத்த சோற்று உருண்டை எந்த மூலைக் கடையிலும் கிடைக்கும், தோசை போடும் தென்னிந்திய உணவகங்களும் நகரத்தில் பல உண்டு, பருப்புப்பொடி பெட்டியிலேயே இருக்கட்டும்.

ஃபூஜி மலையைத்தான் அத்தான் விடவே இல்லை. நிப்போரிப் பக்கம் 'ஃபூஜி தெரியும் சரிவு' என்று ஒன்று உண்டு. அதே பெயரில் டோக்கியோவில் பல சரிவுகள் இருந்தாலும் நகரின் நடுவே மலை நிஜமாகவே தெரிந்த கடைசிச் சரிவு இது என்று கொண்டாடிவந்தார்கள். 2013இல் ஒரு அடுக்குமாடி எழுந்து அதையும் மறைத்துவிட்டது. இதைச் சொன்னதும், "அப்ப ஸ்கைட்ரீ ஏறிடுவோம், 634 மீட்டர்" என்றார். அதற்குக் கட்டணம், வரிசை. ஷின்ஜுகுவில் கென்ஸோ தாங்கே வடிவமைத்த மாநகர அரசுக் கட்டடத்தில் 45ஆவது மாடி, 202 மீட்டர் உயரம், ஏறுவதற்கு ஒரு யென்கூட இல்லை. குளிர்காலத்தில் காற்று தெளிந்திருக்கும் காலையில் மலை தெரியும். ஷின்ஜுகு வேண்டாம் என்று மேலே எழுதியது நான்தான். பெட்டி இல்லாமல், அவர் மட்டும் தனியாகப் போவதானால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

கடைசி நாள் ஹராஜுகுவில் தொடங்கி ஷிபுயாவில் முடிகிறது. உயேனோவிலிருந்து வட்ட ரயில் நேரே கொண்டுவிடும். மெய்ஜி ஆலயத்துக் காடு பழங்காடு மாதிரிதான் தெரியும். நாடெங்கும் மக்கள் கொடுத்த ஏறத்தாழ ஒரு லட்சம் மரங்களை நூறு வருடத்துக்கு முன் நட்டு, பிறகு கைவைக்காமல் விட்டதில் வந்தது. பாதை முழுக்கச் சரளைக்கல், அக்கா செருப்பில்லாமல் ஷூவில் போவது உத்தமம். அதன்பின் சின்னச் சின்னத் துணிக்கடைகள் நெளிந்து போகும் ஒரு சந்து வழியாக இறக்கம். அந்தச் சந்துக்கு அடியில் ஒரு ஆறு மூடிக் கிடக்கிறது. 1964 ஒலிம்பிக்குக்கு முன் மூடினார்கள். ஆறு போன வழியில் நடந்தால் ஷிபுயா பள்ளத்தில் கொண்டுபோய் விடும். எவ்வளவு பள்ளம் என்றால், 1927இல் தொடங்கிய, ஆசியாவின் முதல் சுரங்க ரயிலான கின்ஸா லைன் இங்கே வரும்போது தலைக்கு மேலே மூன்றாம் மாடி உயரத்தில் ஓடுகிறது. ரயில் தன் மட்டத்தில்தான் வருகிறது, தரைதான் இறங்கிப்போய்விட்டது. அதில் ஏறினால் நேரே உயேனோ. புறப்படும் நிலையம் ஆதலால் உட்கார இடமும் கிடைக்கலாம்.

அதற்கு முன் அத்தானுக்காக ஒன்று சேர்த்திருக்கிறேன். ஷிபுயாவில் 'ஸ்பெயின் சரிவு' என்று ஒரு குறுகல் வழி, கடைசியில் படிகள். அதன் தலைப்பில்தான் சினிமா ரைஸ் என்ற தியேட்டர் இருந்தது. 1998இல் 'முத்து' ஜப்பானிய வசனத் துணையோடு அங்கேதான் வந்து மாதக்கணக்கில் ஓடியது. ரஜினிக்கு அந்த நாட்டில் ரசிகர் கூட்டம் கிளம்பியது அந்தக் கொட்டகையிலிருந்து. 2016இல் தியேட்டரை மூடிவிட்டார்கள், இப்போது அங்கே படம் எதுவும் ஓடுவதில்லை. ஏற்றம், படி, மேலே போனாலும் பார்க்க ஒன்றும் கிடையாது என்று குறிப்புக் கட்டத்தில் தெளிவாகவே எழுதியிருந்தேன். தாள் திரும்பி வந்தபோது அந்த வரிசைக்கு ஐந்து நட்சத்திரம். பக்கத்தில் அக்காவின் கையால் ஒரு வரி: "இவர் ஏறட்டும், நான் ஹாச்சிக்கோ நாய் சிலைகிட்ட உட்கார்ந்திருக்கேன்."