சத்தம் கேட்டது, சூடு வரவில்லை



ஆலங்குளம் குருமனையிலுள்ள பெரிய ஹீட்டரில், மேலும் கீழுமாக 2000 வாட் காயில்கள் இரண்டு உண்டு. சேர்ந்து இயங்கினால் 230 வோல்ட்டில் 17 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஆகவே, மேல் காயிலை நிறுத்திய பின்னரே கீழ் காயிலுக்கு மின்சாரத்தைத் திருப்ப ஒரு ரிலே உள்ளது.

அண்மையில் மேற்பகுதி நீர் மட்டுமே சூடானது. ரிலேயின் 'கிளிக்' சத்தம் தவறாமல் கேட்டதால் அதை நான் சந்தேகிக்கவில்லை. கீழ் காயிலில் உப்பு படிந்துவிட்டதென்று எண்ணி, தொட்டியைக் கழுவவில்லையென ஆலயப் பணியாளரைக் கடிந்துகொண்டேன். அவர் மறுமொழியின்றிச் சென்றார்.

எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்துவிட்டு மீட்டரால் அளந்தார். காயிலில் ஏறக்குறைய 26 ஓம், பழுதில்லை. ரிலேயைத் திறந்தார். உள்ளிருந்த காந்தம் இழுத்தது, சத்தமும் எழுந்தது; ஆனால் தீப்பொறியால் கருகிய முனைகள் மின்சாரத்தைக் கடத்தவில்லை. அதே ஆம்பியர் திறனுள்ள புதிய ரிலேயைப் பொருத்தியதும் நீர் முழுவதும் சூடானது.

அன்று மாலையே பணியாளரின் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். சத்தமிட்டதை நல்லதென்றும், மௌனமாயிருந்தவரைக் குற்றவாளியென்றும் தீர்த்தவன் நான். அளந்து பார்க்குமுன் ஒருவரையும் தீர்க்காதிருப்போமாக.