படுத்துக்கோ

எங்கள் வீட்டில் இப்போது அதிகம் புழங்கும் சொல் இதுதான். பல் துலக்கி முகம் கழுவி வந்தால் படுத்துக்கோ. இரண்டு இட்லி உள்ளே போனதும் படுத்துக்கோ. வாசலில் பூக்காரம்மாவிடம் நாலு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டால் போதும், உள்ளேயிருந்து என் வீட்டுக்காரரின் குரல் கொஞ்சம் அதட்டலாகவே வரும்: “போய்ப் படுத்துக்கோ.” மருமகள் மரியாதையாக, “படுத்துக்குங்க அத்தை” என்பாள். முப்பத்திரண்டு வருடம் கணக்கு டீச்சராக நின்றபடியே பாடம் எடுத்தவள் நான். உட்கார்ந்து பாடம் நடத்தும் ஆசிரியர்களைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இருந்ததில்லை. அந்தப் பாவமெல்லாம் சேர்த்து வைத்து இப்போது என்னைப் படுக்க வைத்திருக்கிறதோ என்னவோ.

மார்பகப் புற்று எனக்கு முதலில் வந்தது ஒன்பது வருடத்துக்கு முன்னால். ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடித்து, முடி திரும்ப முளைத்து, ஓய்வு பெற்று, பேரன் பிறந்து, அதை மறந்தே போயிருந்த நேரத்தில் இடுப்பு வலி என்று போனேன். இந்த முறை எலும்பில். இடுப்பில் ஓர் இடம், முதுகெலும்பில் ஓர் இடம். நான்காம் நிலை என்றார் டாக்டர். குணமாக்குவது என்ற பேச்சு போய், கட்டுக்குள் வைப்பது என்ற பேச்சு வந்தது. தினமும் லெட்ரோசோல். அதோடு பால்போசிக்லிப் என்று ஒன்று, 21 நாள் சாப்பிட்டு 7 நாள் நிறுத்த வேண்டும். எலும்புக்கு ஓர் ஊசி. எங்கள் வீட்டுக் காலண்டரில் அமாவாசை, பிரதோஷத்துக்குப் பக்கத்திலேயே மாத்திரை தொடங்கும் நாளையும் நிறுத்தும் நாளையும் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறோம்.

வலியைப் பற்றி எல்லோரும் கேட்டார்கள். வலிக்கு மாத்திரை இருந்தது. யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாதது இந்தச் சோர்வுதான்.

தமிழில் இதற்கு வார்த்தைப் பஞ்சம் கிடையாது. பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டு வந்தால் அலுப்பு. வெந்நீரில் குளித்தால் தீரும். வேலை செய்தால் களைப்பு. ஒரு டம்ளர் மோரில் போகும். காய்ச்சல் விட்ட மறுநாள் அசதி. இரண்டு வேளை ரசம் சாதம் சாப்பிட்டால் சரியாகும். எனக்கு வந்திருப்பது எதிலும் சேரவில்லை. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்ததும், நாள் தொடங்கும் முன்பே தொடங்கிவிடும். பிழியாத ஈரப்புடவையைச் சுற்றிக்கொண்டு நடப்பது போல. தலைக்குள்ளும் அதே ஈரம். ஒருநாள் பேரனுக்குப் பதினேழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். ஆறு பதினேழில் நின்றுவிட்டது. அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரிடம் சொன்னபோது அவர் இதை ஒரு தனி நோய்க்குறியாகவே எடுத்துக்கொண்டது ஆறுதலாக இருந்தது. செய்த வேலைக்குப் பொருந்தாத களைப்பு, ஓய்வெடுத்தாலும் முழுசாகத் தீராத களைப்பு. புற்றுநோயில் இது மிகச் சாதாரணம் என்றார். முதலில் சரிசெய்யக்கூடியவற்றைத் தேடினார். ஹீமோகுளோபின், தைராய்டு, தூக்கம், வலி, மனசு எப்படியிருக்கிறது என்று ஒவ்வொன்றாக. ரத்தம் கொஞ்சம் குறைவு, மற்றதெல்லாம் பரவாயில்லை. மீதி நோயும் மருந்தும் செய்வது. அப்புறம் அவர் சொன்னது எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. “ரொம்பப் படுக்காதீங்க.” படுக்கப் படுக்கத் தசை கரையும். தசை கரையக் கரைய அதே மாடிப்படி இன்னும் உயரமாகும். இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் வெளியே வந்ததும் ஆட்டோ பிடித்தார், வீட்டுக்கு வந்ததும் தலையணையைத் தட்டிப் போட்டு, “படுத்துக்கோ” என்றார்.

அசையணும் என்று தெரிந்துவிட்டது, எப்படி என்று தெரியவில்லை. அப்போதுதான் பக்கத்துத் தெருத் தோழி ஒருத்தி பூங்காவில் நடக்கும் யோகா வகுப்புக்குக் கூட்டிப்போனாள். முதுகெலும்பில் இருக்கிறது என்று மாஸ்டரிடம் முன்கூட்டியே சொன்னேன். “எல்லாம் சரியாயிடும்மா, இதுக்கு மிஞ்சின மருந்தே இல்ல” என்றவர், பத்தே நிமிஷத்தில் எல்லோரையும் போல என்னையும் குனிந்து கால் கட்டைவிரலைத் தொடச் சொன்னார். பாதி குனிந்தேன். ஒன்றும் உடையவில்லை, என் அதிர்ஷ்டம். மூன்று நாள் வலி. புற்று அரித்த எலும்பு, குனிவதிலும் முறுக்குவதிலும் ஒடிந்துபோகலாம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். யோகாசனம் புற்றைக் கரைக்கும் என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிற உறவினர்களுக்கு நான் இப்போது பதில் போடுவதில்லை. கணக்கில் தப்பான விடையைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், வழிமுறையே இல்லாமல் விடை எழுதுபவனை எனக்குப் பிடிக்காது.

டாக்டரே ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பினார். என் மாணவிகளின் மகள் வயசு இருக்கும். அவள் முதலில் ஸ்கேனைத்தான் பார்த்தாள், அப்புறம்தான் என்னை. எந்த எலும்பு, எந்தப் பக்கம் என்று குறித்துக்கொண்டு செய்யக்கூடாதவற்றை முதலில் சொன்னாள். முன்னால் குனியக்கூடாது, இடுப்பைத் திருப்பக்கூடாது, குடம் தூக்கக்கூடாது, வெடுக்கென்று எதுவும் கூடாது. என் வாசல் கோலம் அந்தப் பட்டியலோடு போயிற்று.

மிச்சமிருந்தது ஒரு நாற்காலி. கைப்பிடி இல்லாத மர நாற்காலி. பாதம் தரையில் முழுசாகப் படியவில்லை என்று பழைய ஹிந்து பேப்பர் கட்டொன்றைக் கால் கீழே வைத்தாள். மூச்சை உள்ளே இழுக்கும்போது இரண்டு கையும் மேலே வரணும், விடும்போது இறங்கணும். அவ்வளவுதானா என்று தோன்றியது. வலது கை காதைத் தாண்டிப் போயிற்று. ஆபரேஷன் ஆன பக்கத்து இடது கை தோளுக்குக் கொஞ்சம் மேலே வந்ததும் நின்றுவிட்டது. நான் பழக்கத்தில் பல்லைக் கடித்துத் தள்ளப் பார்த்தேன். “தள்ளாதீங்கம்மா. எங்க நிக்குதுன்னு மட்டும் பாருங்க.”

பார்த்தேன். ஒன்பது வருடமாக அந்தக் கையை ரத்த அழுத்தம் பார்க்கக் கொடுக்காதே, ஊசி போட விடாதே, வீங்கிவிடும் என்று பத்திரப்படுத்தியிருக்கிறேனே தவிர, பார்த்ததில்லை. அக்குளுக்குக் கீழே ஒரு கயிறு இழுப்பது போல இருந்தது. இழுக்கும் இடம் தினமும் அதே இடமில்லை என்பது ஒரு வாரத்தில் தெரிந்தது.

அவள் இதை ‘மைண்ட்ஃபுல் மூவ்மென்ட்’ என்றாள். எனக்கு வாயில் நுழையாமலில்லை, ஆனாலும் நம் வார்த்தை ஒன்று இருக்கும்போது எதற்கு. ‘கவனமாப் போ’ என்று பிள்ளைகளை அனுப்புகிறோமே, அதில் இரண்டு அர்த்தமும் இருக்கிறது. ஜாக்கிரதையாகவும் போ, பார்த்தும் போ. எனக்கு அந்த நாற்காலியில் இரண்டுமே தேவைப்பட்டன.

கஷ்டமாக இருந்தது எண்ணாமல் செய்வதுதான். பத்து தடவை என்று கணக்கு வைத்துக்கொண்டால் மனசு ஆறிலேயே பத்துக்குப் போய்விடுகிறது. “எண்ணாதீங்கம்மா, மூச்சோட போங்க” என்பாள். கணக்கு டீச்சரை எண்ணாதே என்பது பாட்டு வாத்தியாரை ராகம் இழுக்காதே என்பது மாதிரி. மனசு குக்கர் விசிலுக்குப் போகும், பென்ஷன் அரியர்ஸுக்குப் போகும், அடுத்த ஸ்கேனுக்குப் போகும். போனால் திட்டாமல் பாதத்துக்குக் கூட்டி வா என்றாள். என் வகுப்பில் ஜன்னலுக்கு வெளியே பார்த்த பிள்ளைகளை நான் அப்படிக் கூட்டி வரவில்லை.

பிறகு நடை. கூடத்திலிருந்து கொல்லை வாழை வரை இருபத்திரண்டு அடி. குதிகால் படுவது, எடை முன்னங்காலுக்கு மாறுவது, சிமென்ட் தரை முடிந்து மண் தொடங்கும் இடத்தின் குளிர்ச்சி. முதல் நாள் நான் நடக்க, என் வீட்டுக்காரர் பின்னாலேயே அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். விழுந்தால் உட்கார. கவனம் முழுக்கப் பாதத்தில் வை என்றாள் அந்தப் பெண்; எனக்கோ கவனம் முழுக்க முதுகுக்குப் பின்னால் மூச்சிரைக்க வரும் எழுபது வயசுக்காரர் மேல். யாருக்கு முதலில் நாற்காலி தேவைப்படும் என்று தெரியவில்லை.

சோர்வுக்கு மார்க் போடச் சொன்னாள். பூஜ்யம் என்றால் சோர்வே இல்லை, பத்து என்றால் அதற்கு மேல் முடியாது. ஆயிரக்கணக்கான விடைத்தாள் திருத்தியவளுக்கு இது பிடித்த வேலை. நீள நோட்டில் மூன்று பத்தி: செய்வதற்கு முன், செய்த பின், மறுநாள் காலை. செய்த பின் பெரும்பாலும் அதே ஏழு. சில நாள் ஆறு. மறுநாள் காலைப் பத்தியில்தான் ஏதோ நடந்துகொண்டிருந்தது. கூடுதலாகச் செய்த நாளுக்கு மறுநாள் ஐந்து அதிகம் தென்பட்டது.

மகனிடம் இதைச் சொன்னபோது சில ஆய்வுகளை அனுப்பினான். 2007இல் அமெரிக்காவில் என்னைப் போலப் பரவிய நிலையில் இருந்த 13 பெண்களிடம் எட்டு வாரம் யோகாவைப் பழக்கிப் பார்த்திருக்கிறார்கள். கூடுதலாகப் பயிற்சி செய்த நாளுக்கு மறுநாள் வலியும் சோர்வும் குறைவாக இருந்தன என்று அதில் படித்தபோது என் நோட்டை எடுத்து இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன். பெங்களூரில் 91 பேரிடம் மூன்று மாதம் நடந்து 2017இல் வெளியான ஆய்விலும் யோகா செய்தவர்களுக்குச் சோர்வு குறைந்திருக்கிறது. ஆனால் 2016இல் அமெரிக்காவில் 101 பெண்களை 16 வாரம் உடற்பயிற்சி செய்ய வைத்ததில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. 2024இல் வந்தது பெரியது: ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 357 பேர், பயிற்சியாளர் கண்முன்னால் வாரம் இரண்டு முறை, ஒன்பது மாதம். அதில் சோர்வு குறைந்தது, வாழ்க்கையும் கொஞ்சம் மேம்பட்டது. அது நாற்காலி, மூச்சு வகை இல்லை. தசைக்கும் நடைக்கும் சமநிலைக்குமான பயிற்சி. எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்ட நான் தயாரில்லை. இந்த ஆய்வுகளில் ஒரு சங்கடமும் உண்டு. மாத்திரைக்குப் போலி மாத்திரை கொடுத்து ஒப்பிடலாம். கையைத் தூக்குவதற்குப் போலி எது? செய்கிறோம் என்று செய்கிறவருக்குத் தெரிந்துதானே இருக்கும்.

அதனால் பெரிதாக எதையும் கோர மாட்டேன். போன மாத ஸ்கேனில் ‘ஸ்டேபிள்’ என்று வந்தது. எங்கள் வீட்டில் அன்று பாயசம். அது மாத்திரையின் வேலை, நாற்காலியின் வேலை இல்லை. வெள்ளணுக்கள் இறங்கும் மூன்றாவது வாரத்தில் இன்றைக்கும் எழுந்திருக்க முடியாத நாட்கள் வருகின்றன. அன்றைக்குப் படுக்கையிலேயே கணுக்காலை மெல்லச் சுழற்றுவதோடு சரி. அதையும் நோட்டில் எழுதச் சொல்கிறாள் அந்தப் பெண், எழுதுகிறேன்.

எனக்குக் கிடைத்தது வேறொன்று. முன்பு சோர்வு என்மேல் வந்து விழும். தாளித்துக்கொண்டிருக்கும்போதே விழும்; அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது அது தெருமுனையில் திரும்பும்போதே தெரிகிறது. இடது தோள் காதை நோக்கி ஏறும். மூச்சு நெஞ்சுக்கு மேலேயே நின்றுவிடும். யாராவது பேசினால் கடைசி வார்த்தை மட்டும் காதில் விழும். வருகிறது என்று தெரிந்துவிட்டால், இருக்கிற அரை மணி நேரத்தை எதற்குக் கொடுப்பது என்று நான் முடிவு செய்யலாம். குளியலுக்கா, பேரனின் பின்னக் கணக்குக்கா. அநேகமாகப் பின்னம்தான் ஜெயிக்கும்.

போன வெள்ளிக்கிழமை மருமகள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். பதினைந்து புள்ளி, இடைப்புள்ளி எட்டு. திண்ணையில் நின்று பார்த்த எனக்கு மூன்றாவது வரிசையில் ஒரு புள்ளி குறைவது தெரிந்தது. சொன்னேன். திரும்ப எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்று அவள் சுழிகளை வளைப்பதைப் பார்த்தேன். பிறகு உள்ளே வந்து, முருங்கைக்கீரையை முறத்தில் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். தோள் ஏறத் தொடங்கியிருந்தது.

அவர் பேப்பரைத் தாழ்த்தி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். வழக்கமான வார்த்தை வரும் என்று காத்திருந்தேன்.

“படுத்துக்கிறியா?” என்றார்.

“கீரையை ஆய்ஞ்சிட்டு” என்றேன்.