அரை மணி நேரம்

திரையில் வந்த பெட்டியில் ஆங்கிலத்தில் நாலைந்து வரி இருந்தது. நான் முதல் வரியை மட்டும் படித்தேன். 'லைசென்ஸ் கிடைக்கவில்லை' என்ற மாதிரி ஒன்று. அது போதும் என்று மூடிவிட்டேன். அதற்கான விலையை வேறொருவன் கொடுத்தான்.

கித்துல்கலையில், ஹட்டன் ரோட்டோரம், கீழே களனி கங்கை இரையும் சத்தம் கேட்கிற மாடியறை. சர்வேயர் ஒருவரிடம் நான் படம் வரைகிற வேலையில் இருந்தேன். வரைகிற கம்ப்யூட்டர் மூன்று. படிக்கட்டின் கீழே பழைய பெட்டி ஒன்று, அதுதான் எங்கள் சர்வர். மென்பொருளின் உரிமம் அதில்தான் இருந்தது. காலையில் மென்பொருளைத் திறந்தால் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் அதனிடம் போய் அனுமதி வாங்கும். அனுமதி இல்லாவிட்டால் ஒரு கோடுகூடப் போட முடியாது. கம்ப்யூட்டர் விவகாரம் எல்லாம் என் பொறுப்பு. பரீட்சை எதுவும் பாஸ் பண்ணியதால் அல்ல, தோட்டத்துப் பையனுக்கு இதுவும் தெரியும் என்று காட்ட நானே இழுத்துப் போட்டுக்கொண்டது.

2006 ஏப்ரல். சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு, 15ஆம் தேதி அதிகாலை 12.30க்கு இலங்கையின் கடிகாரத்தை அரை மணி பின்னால் வைத்தார்கள். 1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள், அதே வருடம் அக்டோபரில் அரை மணியைத் திருப்பிக் கொடுத்தார்கள், மிச்ச அரை மணி பத்து வருடம் அப்படியே தங்கிவிட்டது. கிரீன்விச்சுக்கு ஆறு மணி நேரம் முன்னால் நின்ற நாடு மறுபடி பழைய ஐந்தரைக்கு வந்தது. எங்கள் அப்பா ரப்பர் மலையில் பால் வெட்டியவர். விடிகாலைக் குளிரில்தான் பால் நன்றாக இறங்கும், அதற்குக் கொழும்பின் உத்தரவு தெரியாது. நாங்கள் குடியிருந்த லயத்தில் இருந்த அலாரம் கடிகாரத்தை அந்தப் பத்து வருடமும் அவர் திருத்தவே இல்லை. காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போகும்போது மனசுக்குள் அரை மணியைக் கூட்டிக்கொள்வார். அந்த ஏப்ரலில் யாரும் கை வைக்காமலே அது சரியான நேரம் காட்டியது.

ஆபீஸ் திறந்ததும் நான் சர்வரிலும் இரண்டு கம்ப்யூட்டர்களிலும் முள்ளைத் திருகுவதுபோல நேரத்தை அரை மணி குறைத்தேன். மூன்றாவதில் உட்காருகிற சிங்களப் பையன், தம்பி என்ற அர்த்தத்தில் மல்லி என்றுதான் கூப்பிடுவேன், தன்னுடையதைத் தானே மாற்றிவிட்டதாகச் சொன்னான். எட்டிப் பார்த்தேன். எல்லாத் திரையிலும் ஒரே நேரம்.

அவனுடைய கம்ப்யூட்டருக்கு மட்டும் அனுமதி கிடைக்கவில்லை.

பிங் அடித்தேன், சர்வர் பதில் சொன்னது. ஃபயர்வாலை நிறுத்தினேன். 27000 என்ற போர்ட் திறந்திருக்கிறதா என்று டெல்நெட்டில் தட்டினேன், திறந்திருந்தது. கேபிளை வெட்டிப் புது முனை போட்டேன். மழைக்கு ஸ்விட்ச் ஈரமாகியிருக்கும் என்று துணியால் துடைத்தேன். (கித்துல்கலையில் எந்தப் பழியையும் மழைமேல் போடலாம்.) ஒன்றும் ஆகவில்லை. மல்லி ஏதோ விளையாட்டு ஏற்றி வைரஸ் வாங்கியிருக்கிறான் என்று சர்வேயர் சர் முன்னாலேயே சொன்னேன். அவன் நேரத்தைப் பற்றி என்னவோ சொல்ல வந்தான். "நீ சும்மா இரு" என்றேன். விண்டோஸையே புதிதாகப் போட்டு, நேரத்தையும் என் கையால் வைத்தேன். உடனே வேலை செய்தது. பார்த்தாயா என்கிற மாதிரி அவனைப் பார்த்தேன். அழிந்துபோன அவனுடைய படங்களில் இரண்டை அவன் மறுபடி வரைந்தான்.

அடுத்த வாரம் சர் கொழும்பில் சரிபண்ணிய லேப்டாப்போடு வந்தார். அதில் மென்பொருளைத் திறந்ததும் திரையில் அதே பெட்டி, அதே வரி. சர் பக்கத்தில் நின்றதால் இந்தத் தடவை கடைசிவரை படிக்க வேண்டியதாயிற்று. சர்வருக்கும் இந்தக் கம்ப்யூட்டருக்கும் கடிகார வித்தியாசம் மிக அதிகம் என்று அதில் எழுதியிருந்தது.

திரையில் தெரிகிற நேரம் வேறு, உள்ளே கம்ப்யூட்டர் எண்ணுகிற நேரம் வேறு. உள்ளே அது கிரீன்விச் கணக்கில்தான் ஓடும். நேர வலயத்தை ஆறு மணியிலேயே விட்டு முள்ளை மட்டும் நான் திருகியதால், சர்வர் உலகத்துக்கே அரை மணி பிந்திவிட்டது. என் கை பட்ட கம்ப்யூட்டர்களும் அதே அளவு பிந்தின, அதனால் ஒன்றோடொன்று ஒத்துப்போயின. காலாவதியான உரிமத்தை, தேதியைப் பின்னால் தள்ளி யாரும் ஓட்டிவிடக் கூடாதே என்றுதான் மென்பொருள் கடிகாரத்தைச் சோதிக்கிறது. விண்டோஸின் இலங்கை வலயம் அப்போது ஆறு மணியிலேயே இருந்தது. மல்லி அதை விட்டுவிட்டு, கல்கத்தா, சென்னை என்று தொடங்கும் ஐந்தரை மணி வரியைத் தேர்ந்திருக்கிறான். ஆபீஸில் சரியான நேரம் ஓடிய ஒரே கம்ப்யூட்டரை நான் அழித்திருக்கிறேன்.

அன்று எல்லாரும் போனபிறகு படிக்கட்டின் கீழே குந்தி, சர்வரின் வலயத்தை மாற்றி, நேரத்தையும் சரியாக வைத்தேன். பிறகு மற்ற மூன்றையும். காலையில் சர் கேட்டபோது "சர்வரில் ஒரு சின்ன அப்டேட் போட்டேன்" என்றேன்.

மல்லி வந்து உட்கார்ந்தான். மூலையில் இருந்த கடிகாரத்தை இரண்டு தட்டுத் தட்டித் திறந்தான். சென்னை என்ற பெயர் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தான், என் பக்கம் திரும்பினான். நான் கேபிள் எதையோ தேடுகிற மாதிரி மேசைக்கடியில் குனிந்துகொண்டேன். மேலே மவுஸ் சத்தம் கேட்டது, வரையத் தொடங்கியிருந்தான்.