தட்டிவானில் கொடிகாமத்துக்கு

1990 ஜூனில் யுத்தம் மறுபடி தொடங்கியதோடு யாழ்தேவி கோச்சி நின்றது. மின்சாரமும் போனது. பெற்றோலும் பற்றரியும் சீமெந்தும் தடைப் பட்டியலில் ஏறின. மண்ணெண்ணெய் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, அதுவும் யானை விலைக்கு. அந்த மண்ணெண்ணெயில்தான் யாழ் குடாநாட்டு வாகனங்கள் ஓடின.

பருத்தித்துறையிலிருந்து அம்மம்மாவோடு கொடிகாமம் சந்தைக்குப் போவது தட்டிவானில். மரத்தால் கட்டிய உடல், பக்கங்கள் திறந்தபடி, பின்னால் சங்கிலியில் தொங்கும் ஒரு பலகைத் தட்டி. போகும்போது அந்தத் தட்டியில் மீன் கடகங்களும் கருவாட்டுச் சாக்குகளும் இருக்கும். திரும்பும்போது தென்மராட்சியின் பலாப்பழமும் தேங்காயும் அந்த இடத்தைப் பிடித்துவிடும். பலாப்பழ வாசமும் மீன் வெடிலும் மண்ணெண்ணெய்ப் புகையும் கலந்த அந்த மணத்தை வேறெங்கும் நான் முகர்ந்ததில்லை.

வான் புறப்படுவதே ஒரு சடங்கு. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் பற்றாது. றைவர் ஒரு சின்னப் போத்தலை எடுத்து, பச்சைப் பிள்ளைக்கு மருந்து பருக்குவதுபோல காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விடுவார். எஞ்சின் இருமி, உறுமி, சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். இடையில் நின்றுவிட்டால் மறுபடி பெற்றோல் வேண்டும். அதனால் ஆட்களை ஏற்ற நிறுத்தும்போதும் எஞ்சினை நிறுத்தவே மாட்டார்.

ஒருநாள் முள்ளி வெளியில் நின்றேவிட்டது. போத்தலிலும் துளி இல்லை. "எல்லாரும் ஒருக்கா இறங்கித் தள்ளுங்கோ" என்றார் கொண்டக்டர். வெள்ளை வேட்டி கட்டிய வாத்தியாரும் மீன் விற்கிற ஆச்சியும் தோளோடு தோள் நின்று தள்ளினார்கள். "தம்பி, நீ தள்ளாதை, விழுந்துபோவாய்" என்று அம்மம்மா கத்தினா. நான் கேட்கவில்லை. உச்சி வெயிலில், உப்புக்காற்றில், சூடு ஆறாத எஞ்சின் 'டப்' என்று உயிர் பெற்றதும் எல்லாரும் கைதட்டினோம். கறுத்த புகை முகத்தில் அடித்தது. ஆச்சி தன் தலைப்பால் வாத்தியாரின் முகத்தைத் துடைத்துவிட்டதை இன்றும் நினைத்துக்கொள்வேன். வேறு நாளில் அது நடந்திருக்காது.

கொடிகாமம் புகையிரத நிலையத்தில் மேடை இருந்தது, தண்டவாளம் இல்லை. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டன. தண்டவாளம் கிடந்த இடத்தில் ஆடுகள் மேய்ந்தன. "கோச்சி எப்ப வரும் அம்மம்மா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன். "வரும்" என்பா. வந்தது 2014 ஒக்டோபரில். அதைப் பார்க்க அவ இல்லை.

மண்ணெண்ணெயில் ஓடிய அந்த ஐந்தாறு வருடங்கள் சனத்தை நகர வைத்தவர்கள் ஊர்க் கராஜ்களில் கறுத்த கையோடு நின்ற மெக்கானிக்மார். படித்த பொறியியலாளருக்கு அவர்கள் குறைந்தவர்கள் அல்ல. அவர்களில் பலருக்கு இப்போது வயது போய்விட்டது. உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் போய்க் கேட்டு எழுதி வையுங்கள். பழைய தட்டிவான் ஒன்று எந்த வளவிலாவது கறள் பிடித்துக் கிடந்தால், பழைய இரும்புக்குக் கொடுத்துவிடாதீர்கள்.