டெலஸ்கோப்புக்கு ஒரு போர்வை!

ஜவ்வாது மலைக்குப் போயிருக்கீங்களா? ஏலகிரிக்கு பைக்கை விரட்டுற கூட்டம், பக்கத்துல இருக்கிற இந்த மலையைக் கண்டுக்கிறதே இல்ல. வாணியம்பாடியில ரயிலை விட்டு இறங்கி, ஆலங்காயம் வழியா மேலே ஏறுங்க. முதல்ல காவலூர் வரும். 1986-ல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் வைணு பாப்பு டெலஸ்கோப் இருக்கிற ஊர். அதையும் தாண்டினா ஜமுனாமரத்தூர். அங்கிருந்து கொஞ்ச தூரத்துல என் கிளாஸ்மேட்டோட கிராமம். தெருவிளக்கு எட்டாத சாமைக் களம் ஒண்ணு இருக்கு. அமாவாசை ராத்திரி அங்கே மல்லாந்து படுத்துப் பாருங்க... சென்னை வானம் மேல கோபமே வந்துடும்!

போன மார்கழி அமாவாசைக்கு, காலேஜ் கிளப்போட 8 இன்ச் டெலஸ்கோப்பைத் தூக்கிட்டு அஞ்சு பேர் போனோம். நண்பன் ஊர்ல தண்டோரா போடாத குறை. வியாழன் நல்லா மேலே வந்தப்போ களத்துல முப்பது பேர் கியூ. முதல் பத்துப் பேர் வாயைப் பிளந்தாங்க. அதுக்கப்புறம்தான் மானம் போச்சு. கம்பளியைப் போர்த்திக்கிட்டுப் பொறுமையா நின்ன நண்பனோட பாட்டி, குனிஞ்சு பார்த்துட்டு, "அடுப்புப் புகையாட்டம் தெரியுதுப்பா"ன்னாங்க. எங்க மூஞ்சியைப் பார்த்துட்டு, "நல்லாத்தான் இருக்குது"ன்னும் சேர்த்துக்கிட்டாங்க. அதுதான் ரொம்ப வலிச்சுது.

டார்ச் அடிச்சா, முன்பக்கக் கண்ணாடி முழுக்கப் பனித்துளி. ஒருத்தன் அவசரமா கர்சீப்பை எடுத்தான். தயவுசெஞ்சு நீங்க அதைச் செய்யாதீங்க. ஒட்டியிருக்கிற தூசியோட சேர்ந்து தேய்ச்சா, மேல பூசியிருக்கிற கோட்டிங் கீறிடும்.

பனி மேலேயிருந்து 'பெய்யறது' இல்ல பாஸ். தெளிஞ்ச வானத்தைப் பார்த்துக்கிட்டிருக்கிற கண்ணாடி, தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு வாரி விட்டுட்டு, சுத்தியிருக்கிற காத்தைவிட அதிகமா குளிர்ந்துடும். காத்துல இருக்கிற ஈரம் அது மேல திவலையா படியும். மரத்தடியில நிறுத்தின பைக் சீட் காய்ஞ்சிருக்கும், வெட்டவெளியில நிறுத்தினது நனைஞ்சிருக்கும்... அதே கதைதான். காவலூர் டோம்கூட ஒரு பிளவை மட்டும் திறந்து மிச்ச வானத்தை மறைச்சுடுது. அதைப் பார்த்துட்டேதான் பஸ்ல போனோம், மண்டையில உறைக்கலை!

ஹாஸ்டலுக்குத் திரும்பினதும் பட்டிமன்றம். கார்ல மாட்டுற 12 வோல்ட் ஹேர் டிரையர் வாங்கலாம்னு ஒரு கோஷ்டி. 150 வாட்னு வெச்சாலே 12 ஆம்பியருக்கு மேல இழுக்கும். எங்க பழைய யு.பி.எஸ். பேட்டரி (12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர்) பாவம் என்ன பண்ணும்? அப்படியே காய வெச்சாலும் கொஞ்ச நேரத்துல மறுபடி பனி பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம், பெட்டிக்குள்ள வெச்சா சரி. திறந்தவெளியில அதால ஒண்ணும் ஆகாது.

கடைசியில ஜெயிச்சது ரூம்மேட்டோட யோகா மேட்! (அவன் அதுல ஒருநாளும் யோகா பண்ணதில்ல, அதனால பாவமில்ல.) அதை வெட்டி, குழாயா சுருட்டி, உள்பக்கம் கறுப்புத் துணி ஒட்டி, டெலஸ்கோப்போட வாயில மாட்டினோம். நீளம், கண்ணாடியோட விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது இருக்கணும். எங்களுக்கு 30 சென்டிமீட்டர். நீங்க ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும்னா, கண்ணை மூடிக்கிட்டு இதை வாங்குங்க. கரன்ட்டே வேணாம்.

ஆனா மலைப் பனிக்கு இது மட்டும் போதாதுன்னு பயம். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஓடி, 470 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் இருபது வாங்கினோம். எல்லாத்தையும் பேரலலா சால்டர் பண்ணி, துணிப் பட்டைக்குள்ள தெச்சு, கண்ணாடி இருக்கிற விளிம்பைச் சுத்திக் கட்டினோம். மொத்தம் 6 வாட், அரை ஆம்பியர். எட்டு மணி நேரம் ஓடினாலும் பேட்டரியில மிச்சம் இருக்கும். அதிகமா சூடு பண்ணிடாதீங்க, உள்ளே காத்து கலங்கி நட்சத்திரம் நடுங்கும். காத்தைவிட ஒண்ணு ரெண்டு டிகிரி கூட இருந்தாப் போதும். ஐபீஸை சட்டைப் பாக்கெட்டுல போட்டு வெச்சா, உடம்புச் சூடு இலவசம்.

'தைப்பனி தரையைத் துளைக்கும்'னு சொல்வாங்களே, அந்தத் தை அமாவாசைக்கே மறுபடி போனோம். கூப்பிட்டதுக்கு இந்த முறை வந்தது பன்னிரண்டு பேர்தான். போன தடவை பட்டது ஞாபகம் இருக்கும்ல? நடுராத்திரியில டெலஸ்கோப் உடம்பெல்லாம் நனைஞ்சு சொட்டுது, கண்ணாடி மட்டும் பளிச்! பாட்டியை நண்பன் எழுப்பிக் கூட்டிட்டு வந்தான்.

ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவே இல்ல. "நடுவுல பெருசா ஒண்ணு. பக்கத்துலயே பொட்டு வெச்சாப்புல நாலு." நிமிர்ந்தவங்க, யோகா மேட்டைத் தடவி, அடியில இருந்த பட்டையைத் தொட்டுப் பார்த்தாங்க. "சுடுதே... இதுக்கும் குளிருமா தம்பி?"

'ஆமா பாட்டி'ன்னேன். கம்பளியை இழுத்துப் போர்த்திக்கிட்டு மறுபடியும் குனிஞ்சாங்க.